ஐந்நூறு கிராமுக்குள்

ஜாக்குலின் ஒன்றாம் வகுப்பில் 'அ' எழுதிய நாளிலிருந்து எம்.இ. முடித்த நாள்வரை படித்த படிப்பு மொத்தத்துக்கும் விலை ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். நயமாகப் பேசினால் ஒன்று அறுபதுக்கு இறங்கும் என்று கல்லூரி அலுவலகத்திலேயே சொன்னார்கள். அதற்குக் கீழே இறங்காது. ஒருவருக்கு இறக்கினால் மற்ற ஆசிரியர்களும் வரிசையில் வந்து நிற்பார்கள், சந்தை கெட்டுவிடும்.

சரக்கு என்று பார்த்தால் நான்கே தாள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பி.இ., எம்.இ. வேலையில் சேர்ந்த அன்று, "சரிபார்த்துவிட்டுத் தருகிறோம்" என்று வாங்கி அலுவலக இரும்பு பீரோவில் வைத்தார்கள். சரிபார்ப்பு நான்கு ஆண்டுகளாக நடக்கிறது. பீரோ சாவி அலுவலகக் கண்காணிப்பாளர் குழந்தைவேலின் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது. மனிதர் குளிக்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை என்று பேச்சு. பார்த்தவர் யாருமில்லை, பார்க்க விரும்பியவரும் இல்லை.

நடுவில் வேலையை விட்டுப் போகிறவர் ஆறு மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டுத் தாள்களை எடுத்துப் போகலாம். கல்லூரி கொடுத்த சம்பளத்தைச் சாப்பிடாமல் சேர்த்துவைத்துக் கல்லூரிக்கே திருப்பிக் கொடுக்கக்கூடிய ஆசிரியர் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே யாரும் போகவில்லை.

ஜாக்குலினுக்குச் சொந்த ஊர் சேலம். கணவன் பெனடிக்ட் கோவையில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். ஆறு வயது மகள் அவனோடு. இவள் சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் இந்தக் கல்லூரியில், மகளிர் விடுதித் துணைக் காப்பாளர் என்ற கூடுதல் பதவியோடு. அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது. ஒரு கட்டிலும் ஒரு மின்விசிறியும் உண்டு. சனிக்கிழமை மாலை பஸ் ஏறி, ஞாயிறு மாலை ஏழு மணிக்குள் விடுதிக் கதவுக்குள் இருக்க வேண்டும். மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்தில் கேட்டாள்: "ஏம்மா, அந்தக் காலேஜ்ல உன்னைய ஃபெயில் பண்ணிட்டாங்களா? ஏன் வெளிய விட மாட்டேங்கறாங்க?"

கோவையில் இரண்டு வேலைகள் வந்து, அசல் சான்றிதழைக் காட்ட முடியாமல் நழுவிப்போயின. இப்போது மூன்றாவது. கருவிகள் செய்யும் ஓர் ஆய்வு நிறுவனம். டிசம்பர் பதினான்கு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான்கு அசல்களையும் பழைய வேலையின் விடுவிப்புக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நேரில் வர வேண்டும். நகல் செல்லாது. அன்று வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயர்.

கல்லூரியின் தாளாளர் குமாரசாமி, திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் பதினொரு வண்டிகள் அவருக்கு ஆந்திராவிலும் ராஜஸ்தானிலும் ஓடின. பூமியைத் துளைத்து எடுத்த பணத்தில் எழுந்த கல்லூரி என்பதால் எதையும் அடிக்கணக்கில்தான் அவருக்குப் புரியும். மாணவர் செய்யும் பெட்டியை ஹைதராபாத் பக்கத்து நிலையம் ஒன்று தன் அறிவியல் பலூனில் ஏற்றிப்போக ஒப்புக்கொண்டது என்று ஜாக்குலின் போய்ச் சொன்னபோது, முதல் கேள்வியே அதுதான்.

"எத்தனை அடிங்க போகும்?"

"முப்பது கிலோமீட்டர் சார்."

"அடியில சொல்லுங்கம்மிணி."

"ஒரு லட்சம் அடி."

குமாரசாமி நாற்காலியில் நிமிர்ந்தார். "நான் ஆயிரத்தி எரநூறைத் தாண்டுனதில்லீங்க. அதுவுங் கீழ. அடிக்கு என்ன ரேட்டு போடறான்?"

"ரேட்டெல்லாம் இல்ல சார். மாணவர் பெட்டிக்கு இலவசம்."

"இலவசமாவா? அப்பக் குழாய்ல புடிச்சுக்குவான், பாருங்க." துளைக்கிற கூலியைக் குறைத்துச் சொல்லி, இறக்குகிற குழாயின் விலையில் லாபம் பிடிப்பது அவர் தொழிலின் பால பாடம். பலூனுக்குக் குழாய் கிடையாது என்று கேட்டபின்னும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

பெட்டியின் வேலை எளிது, செய்வதுதான் கடினம். பலூன் உச்சிக்குப் போனதும் நிலையத்தார் மாணவர் பெட்டியைத் தனிச் சிறு பாராசூட்டில் கழற்றிவிடுவார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் தரையில் கிடக்கும்போதும் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை பெட்டி தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொன்னால் போய் எடுத்துக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் தேடித்தர நிலையத்தில் ஆள் இல்லை. மேலே குளிர் சுழியத்துக்குக் கீழே அறுபது டிகிரி. மொத்த எடை ஐந்நூறு கிராமுக்குள். ஒரு கிராம் கூடினாலும் ஏற்றமாட்டார்கள்.

நான்கு மாணவர்கள் செய்தார்கள். அவர்களில் எடைச் சீட்டை வைத்திருந்தவள் தஹ்சீன், மூன்றாம் ஆண்டு மின்னணுவியல். அப்பா சமியுல்லாவுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பேட்டரிக் கடை. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண். ஒரு ஸ்குரூ வாங்கினாலும் எடைபோட்டுக் கோபத்தோடுதான் சீட்டில் எழுதுவாள். கேமரா, மின்கலம் ஆறு, போர்டு, ஆன்டெனா, தெர்மோகோல் பெட்டி, கயிறு, டேப் எல்லாம் சேர்த்து நானூற்றுத் தொண்ணூற்றெட்டில் நிறுத்தியிருந்தாள். இரண்டு கிராம் அவள் மிச்சம் பிடித்தது.

டிசம்பர் ஐந்து, சனிக்கிழமை. பெட்டியை ஒட்டி மூட இரண்டு நாள்தான் இருந்தது. ஜாக்குலின் தாள்களைக் கேட்கப் போனாள். பெட்டியைக் காட்டுகிற சாக்கில் தஹ்சீனையும் கூட்டிப்போனாள். வாசலில் குழந்தைவேல் வழக்கம்போல இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குமாரசாமி அவளைப் பேசவிடவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, உள்ளங்கை அகலப் பித்தளைத் தகடு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். விளிம்பு தேய்ந்து, எழுத்தின் பள்ளமெல்லாம் கறுத்து, 'செல்லாண்டியம்மன் துணை' என்றிருந்தது.

"இது எம்பட மொத வண்டியோட கேபின்ல இருந்ததுங்க. தொண்ணூத்தி நாலு. அதுக்கப்பறம் வாங்குன ஒவ்வொரு வண்டிக்கும் மொதப் போர் போடறப்ப இதைக் கம்பத்துல கட்டித்தான் எறக்குவோம். ஒரு மொதப் போர்கூடத் தண்ணி வராம வெறும் புகையாப் போனதில்ல. இதை அந்தப் பொட்டியில வெச்சுப்போடுங்க."

"சார், எடை..." என்றாள் ஜாக்குலின்.

"சாமிக்கு ஆரும் எடை பார்ப்பாங்களாம்மிணி?"

தஹ்சீன் அதற்குள் பையிலிருந்து சின்னத் தராசை எடுத்துத் தகட்டை அதன்மேல் வைத்துவிட்டாள். "எண்பத்தஞ்சு."

"கொஞ்சம் கூடத்தான் இருக்கும். சொல்லிப் பாருங்க. அங்க இருக்கறவனும் மனுசன்தானே?"

"அங்க இருக்கறது தராசு சார்," என்றாள் தஹ்சீன்.

குமாரசாமி அவளைப் பார்த்தார். அவள் விடவில்லை. "எங்க மாமா ஜாபர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வெச்சிருக்காரு சார். இந்தத் தகட்டை அப்படியே மெல்லிசு வெள்ளியில அச்செடுத்துக் குடுத்துருவாரு. மூணு கிராம். ஒரு புள்ளி பிசகாது. இது பத்திரமா உங்ககிட்டயே இருக்கும்."

"நகலா?" குமாரசாமியின் முகம் சுருங்கியது. "அசலை ஊட்ல வெச்சுப்போட்டு நகலை அனுப்புனா அது செல்லுமுங்களா?"

"செல்லாது சார்," என்றாள் ஜாக்குலின். வாயிலிருந்து வந்த பின்புதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. "நாலு வருசமா எனக்கும் செல்லல. பேங்க்ல லோன் கேட்டா செல்லல, ரெண்டு வேலையில செல்லல. பதினாலாம் தேதியும் செல்லாது."

வாசலில் குழந்தைவேலின் கை இடுப்பில் இறுகியது.

குமாரசாமிக்குக் கோபம் வரவில்லை. பேரம் பழகியவருக்கு, எதிராளி கடைசியில் தன் விலையைச் சொல்லிவிட்டால் ஒருவித நிம்மதி வரும். நாற்காலியில் சாய்ந்தார்.

"நான் உங்களைப் புடிச்சு வெச்சிருக்கறன்னு நெனைக்கறீங்க. வண்டியை நம்பி ராஜஸ்தானுக்கு அனுப்பறேன். டிரைவர் லைசென்சை வாங்கி வெச்சுக்கறேன். ஆறு மாசங் கழிச்சு வாரான், வாங்கிக்கறான். அவனுக்கும் மரியாதை, எனக்கும் தூக்கம். வாத்தியாருக்கு மட்டும் அது வேற நாயமா?"

"டிரைவர் ஆறு மாசத்துல வந்துடறார் சார். நான் இங்கயேதான் இருக்கேன்."

குமாரசாமி தகட்டைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"ஒண்ணு சொல்றனுங்க. மொதப் போர்ல இது மட்டுந் தொங்காது. பக்கத்துலயே போர் போடற டிரில்லரோட பொருளும் ஒண்ணு தொங்கும். மோதிரமோ, வாட்சோ, எது போனா அவனுக்கு வலிக்குமோ அது. எம் பொருளும் அவம் பொருளும் ஒரே கம்பத்துல. தண்ணி வந்தாத்தான் ரெண்டையும் அவுப்போம். வல்லையா, அடுத்த போருக்கு அப்படியே போகும். அதனாலதான் எவனும் ஏனோதானோன்னு ஓட்டறதில்ல. நீங்கதான இந்தப் பொட்டிக்கு டிரில்லர்? எந் தகட்டோட உங்க பொருளும் ஒண்ணு போகட்டும்."

ஜாக்குலின் கல்யாண மோதிரத்தைத் தொட்டாள்.

"அது பெனடிக்ட் சாரோடது," என்றார் குமாரசாமி. "அவரைய எதுக்கு இதுல இழுக்கறீங்க? எம்.இ. தாளை வைங்க. பொட்டி திரும்பி வந்தா எடுத்துக்கங்க. ஆறு மாசச் சம்பளமுங் கேக்க மாட்டேன், மறுபேச்சும் பேச மாட்டேன்."

ஜாக்குலின் கணக்குப் பார்த்தாள். அந்தத் தாள் தொலைந்தால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், பல்கலைக்கழக வாசலில் வரிசை. மறுதாள் வர ஒரு வருடம். மாட்டேன் என்று சொன்னால் நான்கும் பீரோவிலேயே இருக்கும். பூட்டிய பீரோவுக்கும் ஒரு லட்சம் அடி உயரத்துக்கும் நடுவே அவள் நின்றாள். இரண்டில் எது பக்கம் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

"மத்த மூணும்?" என்றாள்.

"பொட்டி கெளம்பற அன்னைக்கு."

"இப்பவே சார்," என்றாள் தஹ்சீன். "டிரில்லர் வாட்சைத்தானே கட்டினாரு? சட்டை, செருப்பெல்லாம் அவர்கிட்டத்தானே இருக்கும்?"

குமாரசாமி வாய்விட்டுச் சிரித்தார். "இது ஆரு ஊட்டுப் புள்ளீங்க?"

"செவ்வாய்ப்பேட்டை சமியுல்லா பேட்டரிக் கடை."

"அதானே பார்த்தேன். குழந்தவேலு, மூணைக் குடுத்துரு. நாலாவதையும் எடுத்து மேடம் கையில குடு. பொட்டிக்குள்ள போறதை எங்கண்ணுல காட்டோணும்." பிறகு ஜாக்குலினிடம், "விடுவிப்புக் கடுதாசி பொட்டி வந்து கணக்கு முடிஞ்ச அன்னைக்கு. அதுல பேச்சு வேண்டாம்."

"இன்னொன்னு சார்," என்றாள் தஹ்சீன். "தகடு வேணும்னா கேமராவை எடுக்கணும். அது எண்பத்து மூணு கிராம்."

இதுதான் அவரை உண்மையில் அசைத்தது. தரச்சான்றுக் குழு ஜனவரியில் வரவிருந்தது. வானத்திலிருந்து எடுத்த படத்தைக் கல்லூரி வாசலில் பன்னிரண்டுக்கு எட்டு ஃபிளெக்ஸாக வைக்க அச்சகத்தில் சொல்லியும் வைத்திருந்தார். தகட்டைப் பார்த்தார். சன்னல் வழியே வாசலைப் பார்த்தார்.

"படம் போகட்டும்," என்றார் கடைசியில், பல்லைப் பிடுங்கிக் கொடுப்பவர்போல.

குழந்தைவேல் பீரோவைத் திறக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு பிரசவம் முடிந்திருக்கும். நான்கு ஆண்டுகளில் தாள்களின் ஓரம் சற்று மஞ்சளித்திருந்தது. எம்.இ. தாளைத் தஹ்சீன் அங்கேயே எடைபோட்டாள்: பன்னிரண்டு கிராம்.

ஆய்வகத்தில் கணக்கு மறுபடி தொடங்கியது. நானூற்றுத் தொண்ணூற்றெட்டில் கேமரா போனால் நானூற்றுப் பதினைந்து. தகடும் தாளும் ஏறினால் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. பன்னிரண்டு அதிகம்.

"ஒரு மின்கலத்தை எடுத்துட்டா பதினஞ்சு போகும் மேம்," என்றாள் தஹ்சீன், சொல்லும்போதே நம்பிக்கையில்லாமல்.

"எடுத்தா குளிர்ல வோல்டேஜ் விழுந்துரும். ரேடியோ வாயை மூடிக்கும். அப்புறம் என் படிப்பு எந்த ஊர்க் காட்டுல கிடக்குதுன்னு யாருகிட்டப் போய்க் கேக்கறது?"

தெர்மோகோலைச் சீவலாமா என்று பார்த்தார்கள். சீவினால் குளிர் உள்ளே வரும். கயிற்றைக் குறைக்க நிலையம் விடாது. ஞாயிறு முழுக்க ஜாக்குலின் அந்தப் பன்னிரண்டு கிராமோடு விடுதி அறைக்குள் நடந்தாள். கோவைக்குப் போகவில்லை. பெனடிக்ட் போனில், "மூணு கையில வந்துருச்சுல்ல, அந்தக் கிறுக்கனோட ஆட்டத்துக்கு ஏன் போறே?" என்றான். "நாலாவது இல்லாம மூணு எதுக்குங்க?" என்றாள்.

திங்கட்கிழமை காலை தஹ்சீன் சேலத்திலிருந்து வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். மின்கலங்களைப் பொருத்தும் பிளாஸ்டிக் கூடு இருபத்தொரு கிராம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவள் அத்தா சமியுல்லா ஆறு மின்கலங்களையும் வரிசையாக வைத்து மெல்லிய நிக்கல் பட்டையால் புள்ளி வெல்டிங் வைத்துக் கொடுத்திருந்தார், மின் ஸ்கூட்டர் பேட்டரிக்கு வைப்பதைப்போல. பட்டை ஐந்து கிராம். மொத்தம் நானூற்றுத் தொண்ணூற்றாறு.

மாலை பெட்டியை மூடும்போது குமாரசாமி வந்து நின்றார். சீட்டை வாங்கிக் கீழ்வரியை மட்டும் படித்தார்.

"நாலு கிராம் இருக்குதுங்களே. வெறுந் தகடாவா போறது?" சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு மஞ்சள் துணியை எடுத்தார். தஹ்சீன் கத்தரிக்கோலால் ஓரத்தை மூன்று தடவை நறுக்கினாள். நான்கு கிராம். தகட்டை அதில் சுற்றி நடுவில் பொருத்தினார்கள். ஜாக்குலின் தன் தாளை மடிக்க மறுத்துவிட்டாள். உள்சுவரை ஒட்டி வளைத்துச் செருகினாள். தராசு ஐந்நூறில் நின்றது. டேப் ஒட்டும்போது தன்னையே உள்ளே வைத்து ஒட்டுவதுபோல் அவளுக்கு இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆறு நாற்பதுக்குப் பலூன் எழுந்தது. ஹைதராபாத் நிலையத்தின் மைதான ஓரத்தில் ஜாக்குலினும் தஹ்சீனும் ஒரு பிளாஸ்டிக் மேசைமேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அரை நிமிடத்துக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் உயரம், குளிர், மின்னழுத்தம். பலூனை அண்ணாந்து பார்க்க எல்லோரும் வெளியே ஓடினார்கள். ஜாக்குலின் திரையைவிட்டு அசையவில்லை. உலகத்தில் அத்தனை வானம் இருக்க, அவளுக்கு இருந்தது பதினான்கு அங்குலம்.

பதினாறு கிலோமீட்டரில் குளிர் அறுபதைத் தொட்டது. மின்னழுத்தம் மெல்ல இறங்கி, ஓரிடத்தில் யோசித்து, நின்றது. முப்பதில் பலூன் நெடுநேரம் மிதந்தது. பிற்பகல் ஒன்றே காலுக்குப் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். இறங்கும் வழியில், ஒன்பது கிலோமீட்டரில், புள்ளி வரவில்லை.

அரை நிமிடம். இன்னோர் அரை நிமிடம். தஹ்சீன் கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். ஐந்து நிமிடம். ஜாக்குலின் தன் பல்கலைக்கழகப் பதிவு எண்ணை மனத்துக்குள் சொல்லத் தொடங்கினாள். மறுதாளுக்கு விண்ணப்பிக்க அது வேண்டியிருக்கும். பதினோராவது நிமிடத்தில், எதுவும் நடக்காததுபோல, நான்கு கிலோமீட்டரில் புள்ளி வந்தது.

"சனியனே, எங்கடி போனே," என்று தஹ்சீன் திரையை அடித்தாள்.

இரண்டு பத்துக்குப் புள்ளி தரையில் நின்றது. மேற்கே தொண்ணூறு கிலோமீட்டர், துவரைக் காடு. வாடகைக் காரில் ஓடினார்கள். பாதி வழியில், அசையாமல் கிடந்த புள்ளி நகர்ந்தது. பத்து மீட்டர். இருபது. நாற்பது மீட்டர் போய் நின்றது.

"காத்துல உருளுதா மேம்?"

"காத்து நேர்கோட்டுல நடக்காது," என்றாள் ஜாக்குலின். யாரோ தூக்கிவிட்டார்கள்.

போய்ச் சேர்ந்தபோது நாலே முக்கால். துவரைக் காட்டின் ஓரத்தில் வேப்பமரத்தடியில் பெட்டி இருந்தது. டேப்பை அரிவாளால் பதவிசாகக் கீறியிருந்தார்கள். காற்றில் பறந்துவிடாமல் மூடியை மறுபடி வைத்து, மேலே ஒரு கல். சுற்றிலும் ஆட்டுப் புழுக்கை. உள்ளே ரேடியோவின் சிறு விளக்கு அரை நிமிடத்துக்கு ஒரு தடவை கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. சுவரோரம் எம்.இ. தாள், ஒரு மூலையில் ஈரக்கறையோடு, முழுசாக. நடுவில் மஞ்சள் துணி நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

தகடு இல்லை.

இருட்டும் வரை தேடினார்கள். தெலுங்கு இருவருக்கும் தெரியாது. தஹ்சீன் தனக்குத் தெரிந்த இருபது உருதுச் சொற்களை வைத்து ஒரு டிராக்டர்காரரிடம் கேட்டாள். அவர் மேற்கே கையைக் காட்டினார். மேற்கே முழுவதும் ஆடுகள்தான்.

காரில் தஹ்சீன் சொன்னாள்: "மேம், பேசினது என்ன? பெட்டி திரும்பி வந்தா தாளை எடுத்துக்கலாம். பெட்டி வந்துருச்சு. தகடு வரணும்னு அவர் சொல்லவே இல்ல. பேசாததுக்கு நாம ஏன் பொறுப்பு?"

ஜாக்குலின் தாளை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். "கடிதம் அவர் கையில இருக்குது தஹ்சீன்," என்றாள். "தகடு என் பெட்டியில போச்சு," என்றும் சொன்னாள்.

சனிக்கிழமை நண்பகல், குமாரசாமியின் அறை. அவர் பெட்டியைத் தானே திறந்தார். மஞ்சள் துணியை எடுத்து விரித்தார். மறுபக்கம் திருப்பினார். பிறகு ஜாக்குலினைப் பார்த்தார்.

அவள் நடந்ததை வரிசையாகச் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஜாபர் பட்டறையில் அதே அளவில், அதே எழுத்தில், புதுத் தகடு செய்து தருவதாகச் சொன்னாள்.

"முப்பது வருசத்து ஆயிலு அதுல ஒட்டியிருக்குமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

குழந்தைவேல் குனிந்து அவர் காதில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "தகடு வார வரைக்கும் தாளு இங்கயே இருக்கட்டுங்களா?" என்றார். சாவி ஏற்கெனவே கையில் இருந்தது.

இந்த இடத்தில்தான் ஜாக்குலின், வியாபாரக் குடும்பத்தில் பிறந்த எவரும் கனவிலும் செய்யாத காரியத்தைச் செய்தாள். பையிலிருந்து எம்.இ. தாளை எடுத்து அவர் மேசைமேல் வைத்தாள். தஹ்சீன் கண்ணை மூடிக்கொண்டாள். கைப்பொருளை எதிராளி மேசையில் வைத்துவிட்டு என்ன பேரம்?

"பெட்டியைச் செஞ்சது நான். பூட்டுற மாதிரி செஞ்சிருக்கணும், டேப்போட விட்டுட்டேன். நீங்க முடிவு பண்ணுங்க சார்."

குமாரசாமி தாளைத் தொடவில்லை. அதிலிருந்த ஈரக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாலையில் ஒரு ரிக் வண்டி கியர் மாற்றிக்கொண்டு போனது.

"தண்ணி வந்துச்சுங்களா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. "வந்துச்சு சார். பதினோரு நிமிசம் மட்டும் இல்ல. மத்தபடி ஆயிரத்து நூத்தி எண்பத்தெட்டு தடவை எங்க இருக்கேன்னு சொல்லுச்சு. நாங்க போய்த் தொடற வரைக்கும்."

"ஒரு லட்சம் அடி?"

"ஒரு லட்சத்து அறுநூறு."

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். குழந்தைவேலைப் பார்க்காமலே, "சாவியை உள்ள வைய்யா," என்றார். பிறகு ஒரு விரலால் தாளை ஜாக்குலின் பக்கம் தள்ளினார். "தண்ணி வந்தா டிரில்லர் பொருள் டிரில்லருக்கு. அதை நான் மாத்த முடியாது. மாத்துனா நாளைக்கு எந்த வண்டிக்கும் ஆள் வர மாட்டான்."

விடுவிப்புக் கடிதத்தை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அது முன்பே தட்டச்சாகி இருந்தது. எப்போது தட்டச்சானது என்று ஜாக்குலின் கேட்கவில்லை.

எழுந்துகொள்ளப் போனவளை அவர் குரல் நிறுத்தியது. "ஆனா எம் பொருள் வல்லை. அதுக்குப் பணம் வேண்டாம், புதுசு வேண்டாம். அந்த எடைச் சீட்டோட பின்னால கணக்கை எழுதி, கீழ உங்க பேரைப் போட்டுக் குடுத்துப்போட்டுப் போங்க. நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் அது இருக்கட்டும்."

"எப்ப முடியும் சார் இந்தக் கணக்கு?"

"அது அந்த ஆட்டுக்காரனுக்குத்தான் தெரியும்."

தஹ்சீன் பேனாவை நீட்டினாள். முதல் தடவையாகப் பேரம் பேச அவளிடம் ஒன்றுமில்லை. கோவை பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. ஜாக்குலின் நின்றபடியே எழுதினாள்.

மேலே போனது: 500 கிராம்.
திரும்பி வந்தது: 415 கிராம்.
வராதது: பித்தளை, 85 கிராம்.
தர வேண்டியவர்: பெ. ஜாக்குலின், எம்.இ.